குறிப்பேடும் குற்றக்கூண்டும்

கல்வி நடந்து வந்த வழி: 17

1870-ஆம் ஆண்டில் வில்லியம் பார்ஸ்டர் என்ற மந்திரி பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கொண்டுவந்து நிறைவேற்றிய ஆரம்பக் கல்விச் சட்டம், பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களிலும் பேட்டைகளிலும் வரிப்பணத்தைக் கொண்டு பள்ளிக்கூடம் கட்டுவதற்காகப் பள்ளி வாரியங்கள் என்ற புதிய ஸ்தாபனங்களை உண்டாக்கியதைச் சென்ற இதழில் கண்டோம். பள்ளிக்கூடம் கட்டுவதில் வாரியங்களுக்குப் பெரிய சங்கடம் ஏதும் நேரவில்லை. கட்டி முடித்த பள்ளிக்கூடத்தின் வாசலில் ஆசிரியர் ஆஜர்ப் பட்டியலை விரித்துக்கொண்டு நின்றபோது, பெயர் கொடுத்த பிள்ளைகளில் பலர் வராமற்போனார்களே, அங்கேதான் சங்கடம் தொடங்கிற்று. அச்சட்டத்தின் 74-வது பிரிவு இதனை முன்கூட்டியே நினைத்திருந்தது. 5 வயதுக்குக் குறையாமலும் 13 வயதுக்கு மேற்படாமலும் உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று, விரும்பிய வாரியம் தன் எல்லைக்குள் துணை விதி செய்துகொள்ளலாம். மீறுகிற பெற்றோருக்கு, கோர்ட்டுச் செலவையும் சேர்த்து 5 ஷில்லிங்குக்கு மேற்படாத அபராதம் விதிக்கலாம். இந்த ஒரு பிரிவிலிருந்து லண்டன் மாநகரத்தில் முளைத்துக் கிளைத்த கதையே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

கதைக்குள் போகுமுன், நம்மைச் சேர்ந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சில ஆண்டுகள் சென்னையில், படைவீரர்கள் விட்டுச்சென்ற அநாதைச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திவந்தபோது, இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஏற்பாட்டையும் வகுத்துக்கொண்டார். இந்த இரண்டாவது ஏற்பாடு நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கத்துக்கு மிக நெருங்கிய உறவுடையது. ஊர் திரும்பி 1797-இல் அவர் வெளியிட்ட சிறு நூலினால், ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இம்முறை இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றிற்று. ஆனால் அந்த முறையோடு கப்பலேறாமல் இங்கேயே தங்கிவிட்ட வழக்கம் ஒன்று உண்டு. திண்ணைப் பள்ளியில் ஒரு பையன் மட்டம் போட்டால், வாத்தியார் நாலு பெரிய பையன்களை அனுப்புவார். அவர்கள் அவன் வைக்கோற்போருக்குப் பின்னாலோ குதிருக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கக் கண்டுபிடித்து, கையை இருவர் காலை இருவராகத் தூக்கிக்கொண்டு தெருவோடு வருவார்கள். அடி அநேகமாக உண்டு. அதில் எனக்கு எள்ளளவும் சம்மதமில்லை. ஆயினும், வராத பிள்ளையைத் தேடிச் செல்வது அங்கே பள்ளியின் காரியமாகவும் தெருவின் காரியமாகவும் இருந்ததேயன்றி, தகப்பனைக் குற்றக்கூண்டில் ஏற்றும் காரியமாக ஆகவில்லை. 1870-க்குப் பின் லண்டன் பட்ட பாட்டை அறிந்துகொள்ள இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

லண்டன் பள்ளி வாரியத்துக்கு முதல் தேர்தல் 1870 நவம்பரில் நடந்தது. பார்லிமெண்டுத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கில்லாத அக்காலத்தில், இவ்வாரியத்துக்கு வாக்களிக்கவும் அங்கத்தினராக நிற்கவும் அவர்களுக்கு உரிமை தரப்பட்டிருந்தது. மருத்துவத் தொழிலில் பெண்களுக்குக் கதவைத் திறந்த எலிசபெத் காரெட், மேரில்போன் பிரிவில் மற்றெல்லாரையும்விட அதிக வாக்குப் பெற்று வந்தார். அதே பிரிவிலிருந்து விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லியும் வந்தார். மொத்தம் 49 பேர் கொண்ட அச்சபைக்கு முதல் தலைவரானவர், 1864 முதல் 1869 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து ஊர் திரும்பியிருந்த ஜான் லாரன்ஸ் பிரபு. கண்டம் போன்ற ஒரு தேசத்தை ஆண்டுவிட்டு வந்தவர், வைட்சாப்பல் சந்துகளிலும் சௌத்வார்க் முடுக்குகளிலும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதை நான் மதிப்புடனேயே நினைக்கிறேன். 1871-இல் அவ்வாரியம் வருகையைக் கட்டாயமாக்கும் துணை விதிகளைச் செய்துகொண்டது. பிள்ளைக்கு நோய், வேறு விதமாகத் தக்க கல்வி பெறுதல், நடந்து செல்லத்தக்க தொலைவில் பள்ளி இல்லாமை ஆகிய மூன்றும் சட்டமே ஒப்புக்கொண்ட காரணங்கள். பசியும் செருப்பின்மையும் அவற்றில் இல்லை.

விதி செய்தாயிற்று, அதை வீட்டு வாசல்வரை கொண்டு செல்ல ஆள் வேண்டுமல்லவா? அதற்கென வாரியம் அமர்த்திய உத்தியோகஸ்தர்களுக்கு ‘விசிட்டர்கள்’ என்று பெயர். ஒவ்வொரு விசிட்டருக்கும் சில தெருக்கள் ஒதுக்கப்பட்டன. அத்தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், வயது என்ன, எந்தப் பள்ளி, தகப்பனுக்கு என்ன ஜீவனம் என்பவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதும், பள்ளியிலிருந்து வாரந்தோறும் வரும் வராதோர் ஜாபிதாவை எடுத்துக்கொண்டு திரும்பவும் அதே படிகளில் ஏறிக் காரணம் கேட்பதும் அவருடைய வேலை. இவர்களைக் கண்டால் அக்காலத்து ஏழைத் தெருக்களுக்கு எவ்வளவு வெறுப்பென்பது, போலீஸ்காரனுக்கு அடுத்தபடியாக இவர்களை வைத்துப் பேசிய வழக்கத்திலிருந்தே விளங்கும். ஒரு சந்துக்குள் விசிட்டர் நுழைவதற்கு முன்பே அவர் வரும் செய்தி நுழைந்துவிடும். மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் அவர் தலையில் விழுந்ததும் உண்டு.

திங்கட்கிழமை காலையில் ஒரு விசிட்டர் ஏறிச்சென்ற படிக்கட்டைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். திங்கட்கிழமை லண்டன் ஏழைக் குடும்பங்களில் துணி துவைக்கும் நாள். நாலு குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய். அடுப்பின் மேல் பெரிய கொப்பரையில் துணி வெந்துகொண்டிருக்கும். ஆவியினால் சுவரெல்லாம் ஈரம். அறை ஒன்றுதான், அதன் குறுக்கே கயிறு கட்டி ஈரத் துணி தொங்க, அதன் கீழே குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தாய் முழங்கைவரை நுரையோடு நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில், பள்ளிப் பட்டியலில் வராதவள் என்று குறிக்கப்பட்ட பத்து வயதுப் பெண், இடுப்பில் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு நிற்பாள். மேஜைமேல் தீப்பெட்டி செய்வதற்கான மெல்லிய மரச் சீவல்களும் பசைக் கிண்ணமும் இருக்கும். 144 பெட்டி மடித்து ஒட்டிக் கொடுத்தால் இரண்டு அல்லது இரண்டரைப் பென்னி, பசையும் நூலும் அவர்கள் செலவு. ‘ஏன் அனுப்பவில்லை?’ என்று கேட்பதற்கு விசிட்டருக்குச் சம்பளம் உண்டு. விடையோ அவர் கண்ணெதிரில் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் போட்டிருந்த பூட்ஸைத் தம்பி மறுநாள் போட்டுக்கொண்டு போவான், இருவரும் ஒரே நாளில் போக இயலாது என்று சொல்லும் வீடுகளும் இருந்தன. வெள்ளிக்கிழமை பிற்பகலில் வீடு சுத்தம் செய்யவென்று பெண்பிள்ளைகள் நிறுத்திக்கொள்ளப்பட்டார்கள். செப்டம்பர் பிறந்துவிட்டாலோ, கிழக்கு லண்டனின் குடும்பங்கள் தெருத் தெருவாகப் பாத்திரம் பண்டங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கெண்ட் ஜில்லாவின் தோட்டங்களுக்கு, பீர் வடிக்க உதவும் ஹாப் காய்களைப் பறிக்கப் போய்விடும். வகுப்பறை பாதி காலியாகக் கிடக்கும்.

இதற்கெல்லாம் மேலே, பள்ளிச் சம்பளம் வேறே. 1870-ஆம் ஆண்டின் சட்டம் கல்வியைக் கட்டாயமாக்க இடம் தந்ததேயொழிய இலவசமாக்கவில்லை. பிள்ளை ஒன்றுக்கு வாரத்துக்கு ஒரு பென்னியோ இரண்டு பென்னியோ, அதற்கு மேலுமோ, திங்கட்கிழமை காலையில் கையில் கொண்டு வரவேண்டும். கொண்டு வராத பிள்ளையைத் திருப்பி அனுப்பிய பள்ளிகளும் உண்டு. பரம ஏழைகளுக்குச் சம்பளத்தைத் தள்ளிக்கொடுக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இருந்தது மெய்யே; ஆனால் அதைப் பெறுவதற்கு ஒரு கமிட்டியின் முன்னே நின்று தன் தரித்திரத்தை வாயால் சொல்ல வேண்டும். மானமுள்ள பெண்கள் பலர் அதற்குப் பதிலாகப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள்.

விசிட்டர் இரண்டொரு முறை எச்சரித்தும் பிள்ளை வராவிட்டால், முதலில் ஒரு நோட்டீஸ். அதற்கும் பலன் இல்லையானால், பெற்றோர் குறிப்பிட்ட மாலையில் வட்டாரக் கமிட்டியின் முன் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று இரண்டாவது நோட்டீஸ். இந்த மாலைக் கூட்டங்கள்தாம், என் அபிப்பிராயத்தில், அந்த ஏற்பாட்டில் மனிதத்தன்மை மிகுந்த பகுதி. கமிட்டி அங்கத்தினர்களாகிய பாதிரியாரும் கடைக்காரரும் ஓரிரு சீமாட்டிகளும் மேஜைக்கு ஒருபுறம் உட்கார, மறுபுறத்தில் தாய்மார்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். கேட்டவர்களில் சிலர் கடிந்து பேசினார்கள். சிலர் தங்கள் பையிலிருந்தே பூட்ஸுக்குப் பணம் கொடுத்தார்கள். இந்த மேஜையோடு முடிந்துபோன விவகாரங்களே மிகுதி. முடியாதவை, போலீஸ் கோர்ட்டு மாஜிஸ்திரேட்டின் முன் சம்மனாகப் போயின.

அபராதத்தின் உச்ச அளவு 5 ஷில்லிங். ஷில்லிங் ஒன்றுக்கு 12 பென்னியாக 60 பென்னி. 1889-ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்துக்கு முன்பு லண்டன் துறைமுகத்தின் அன்றாடக் கூலிக்கு மணிக்கு 5 பென்னிதான் கிடைத்தது. அதை 6 பென்னியாக்குவதற்காகவே அந்த வேலைநிறுத்தம் நடந்தது. ஆகவே முழு அபராதம் விதிக்கப்பட்டால், அது அம்மனிதன் 12 மணி நேரம் மூட்டை சுமந்த கூலி. அதுவும் வேலை கிடைத்த நாளில். காலையில் துறைமுக வாசலில் முண்டியடித்து நின்றும் கூப்பிடப்படாமல் திரும்புகிற நாள்கள் வாரத்தில் எத்தனையோ. கோர்ட்டுக்கு வந்து நின்றால் அன்றைய கூலி போயிற்று என்பதால், பெரும்பாலும் தாயே வந்து நின்றாள்.

மாஜிஸ்திரேட்டுகளுக்கோ இந்த வழக்குகள் சற்றும் பிடிக்கவில்லை. அவர்கள் திருட்டையும் அடிதடியையும் குடிவெறியையும் விசாரித்துப் பழகியவர்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டது குற்றம் என்று ஒரு சலவைக்காரியைத் தண்டிக்க அவர்களுடைய மனம் எழவில்லை. பல கோர்ட்டுகளில் பள்ளி வாரியச் சம்மன்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் அற்ப அபராதம் விதித்தோ, இன்னொரு தவணை கொடுத்தோ அனுப்பிவிட்டார்கள். வாரியத்தார் இதைக்குறித்து ஆண்டுதோறும் முறையிட்டார்கள். கிராமப்புறத்தில் மாஜிஸ்திரேட்டுகள் தண்டிக்கத் தயங்கியதற்கு வேறொரு காரணம் இருந்தது. அங்கே நீதி வழங்கிய நிலச்சுவான்தார்களின் வயல்களிலேயே, பறவை ஓட்டவும் களை எடுக்கவும் உருளைக்கிழங்கு பொறுக்கவும் அந்தப் பிள்ளைகள் கூலிக்கு வந்துகொண்டிருந்தார்கள். லண்டன் மாஜிஸ்திரேட்டின் தயக்கத்தில் இரக்கம் இருந்தது. கிராமத்து மாஜிஸ்திரேட்டின் தயக்கத்தில் பெரும்பாலும் ஆதாயம் இருந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதும் சரித்திரக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1876-ஆம் ஆண்டின் சட்டம், பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பது பெற்றோரின் கடமை என்று முதன்முறையாக வெளிப்படையாகச் சொல்லிற்று. 10 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதையும் தடுத்தது. 1880-இல் மண்டெல்லா என்பவர் கொண்டுவந்த சட்டம், துணை விதி செய்வது வாரியத்தின் விருப்பம் என்றிருந்ததை மாற்றி, தேசம் முழுவதும் அதைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் 1876-ஆம் ஆண்டின் சட்டத்தில் இன்னொரு கூறும் இருந்தது. கோர்ட்டு உத்தரவுக்குப் பின்னும் பள்ளிக்கு வராத பிள்ளையை, பெற்றோரிடமிருந்து பிரித்துத் ‘தொழிற்பள்ளி’ என்று பெயரிடப்பட்ட விடுதிக்கு அனுப்பிவைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அது அதிகாரம் தந்தது. இதைக்கொண்டு லண்டன் வாரியம் 1878-இல் ஹோமர்ட்டன் பகுதியில் அப்டன் ஹவுஸ் என்ற ஒரு விடுதியை, மட்டம் போடும் சிறுவர்களுக்கென்றே திறந்தது. உள்ளே வந்தவுடன் முடியை ஒட்ட வெட்டிக் குளிப்பாட்டிச் சீருடை மாட்டுவார்கள். அணிவகுப்பு, கைத்தொழில், பாடம், திரும்பவும் அணிவகுப்பு. ஆரம்ப நாள்களில் சிறுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கும் தடை. சில வாரமோ சில மாதமோ கழித்து, இனிமேல் கிரமமாகப் பள்ளிக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் வெளியே விடுவார்கள். தவறினால் மறுபடியும் உள்ளே, முன்னிலும் அதிக காலம். ஒரு சிறுவன் செய்த குற்றம் பள்ளிக்கூடத்துக்குப் போகாமை. அதற்கு நாகரிக தேசம் ஒன்று கண்ட மருந்து, வாயைத் திறக்க விடாத வீடு.

அத்தகைய விடுதிகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று கதவைத் தட்டிப் பார்த்தவர் ஒரு பெண்மணி. தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் மனைவிக்கு முதல் கணவர்மூலம் பிறந்த மகளாகிய ஹெலன் டெய்லர், 1876 முதல் சௌத்வார்க் பிரிவின் பிரதிநிதியாக வாரியத்தில் இருந்தார். வாரியம் பிள்ளைகளை அனுப்பிவைத்த செயின்ட் பால் தொழிற்பள்ளியில் அவர்கள் நடத்தப்படும் விதத்தைப்பற்றி அவர் உள்நாட்டு மந்திரி வரையில் புகார் கொண்டுசென்றார், விசாரணை நடந்தது, பள்ளி மூடப்பட்டது. அந்தப் பள்ளியோடு தொடர்புடையவரும், வாரியத்தின் தொழிற்பள்ளித் துணைக்குழுவுக்குத் தலைவருமாயிருந்தவர், தம்மை அவதூறு செய்ததாக ஹெலன் டெய்லர்மீது வழக்குத் தொடுத்தார். 1882-இல் நடந்த அவ்வழக்கில், தலைவரைப்பற்றி நேராகச் சொன்னவற்றுக்குச் சட்டப்படியான ஆதாரம் போதாது என்று நீதிபதி கருதியதால், அம்மையார் 1,000 பவுன் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. ஆனால் அதே நீதிபதி, அவரிடம் சொந்தப் பகை எதுவும் இல்லை, பொதுநல உணர்ச்சியினாலேயே இதைச் செய்தார் என்றும் ஒப்புக்கொண்டார். 1,000 பவுன் இழந்த அந்த அம்மையாரைப்பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. வழக்கைக் காட்டிலும் என் மனத்தில் அதுவே தங்கியிருக்கிறது. சௌத்வார்க் பள்ளிகளில் படித்த பரம ஏழைப் பிள்ளைகளுக்கு, ஆசிரியர்கள் மூலமாக, தம் சொந்தச் செலவில் மத்தியான உணவும் ஆளுக்கு ஒரு ஜோடி உறுதியான பூட்ஸும் கொடுத்துவந்தார். விசிட்டர்களின் குறிப்பேடுகளில் எந்தக் காரணங்கள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தனவோ, அந்த இரண்டு காரணங்களையே அவர் கையில் எடுத்திருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி 1884-க்கு வருவோம். லண்டன் வாரியம் தொடுத்த ஒரு வழக்கு அவ்வாண்டில் மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. குற்றம் சாட்டப்பட்ட குடும்பம் ஏழ்மையானது, ஆனால் கண்ணியமானது. ஏறத்தாழ 12 வயதான மகள் பள்ளிக்குப் போகாமல் உழைத்து, அதனால் கிடைத்ததைப் பெற்றோருக்குக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்க உதவினாள். சட்டத்தில் எழுதியிருக்கும் மூன்று காரணங்களில் இது சேராது, ஆகவே பெற்றோர் குற்றவாளிகளே என்பது வாரியத்தின் வாதம். வழக்கைக் கேட்ட நீதிபதிகளில் ஒருவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இவர் பெயர் நம் வக்கீல்களுக்கு மிகவும் பழக்கமானது. வைஸ்ராயின் சபையில் சட்ட அங்கத்தினராக இருந்து, 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் அவரே. இரக்கத்துக்குப் பெயர் போனவரல்லர். தண்டனை என்பது கடுமையாகவே இருக்கவேண்டும் என்று எழுதியவர். அப்படிப்பட்டவர் அந்தச் சிறுமியின் விஷயத்தில், பெற்றோருக்குத் துணை நிற்பது மரியாதைக்குரிய கடமை, அதைச் செய்ததற்காகத் தண்டிக்க வேண்டுமானால் சட்டம் அதை மிக மிகத் தெளிவான சொற்களில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அப்படியொரு வாசகத்தைச் சட்டத்தில் படிக்க நேர்ந்தால் அதைவிடத் தமக்கு வருத்தம் தருவது வேறில்லை என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார். எழுதியிருக்கும் மூன்றோடு தக்க காரணங்கள் முடிந்துவிடவில்லை என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பின் ஈரம் நம் நெஞ்சைத் தொடுகிறது. நானும் முதலில் படித்தபோது அந்த நீதிபதியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சில நாள் கழித்துத் திரும்பப் படித்தபோது மனம் அவ்வளவு சமாதானப்படவில்லை. பெற்றோர் தண்டனையிலிருந்து தப்பினார்கள், அது நியாயம். அந்தப் பெண் என்ன ஆனாள்? மறுநாள் காலையிலும் அவள் வேலைக்குத்தான் போனாள். அவளுடைய கடமையை நீதிபதி புகழ்ந்தார். அக்கடமை அவள் தலைமேல் விழாதபடி காப்பது யாருடைய கடமை என்ற கேள்வி அந்த மன்றத்தின் முன் வரவில்லை, வரவும் இயலாது. கோர்ட்டுக்குத் தெரிந்தவை இரண்டே வார்த்தைகள்: குற்றம் உண்டு, குற்றம் இல்லை. துணி துவைக்கும் நாளில் நாம் கண்ட அந்தப் பத்து வயதுப் பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தையை யார் வாங்கிக்கொள்வது என்பதற்கு இவ்விரண்டில் எதிலும் விடை கிடையாது.

விடை வேறோர் இடத்தில், யாரும் எதிர்பாராத வகையில் சேர்ந்துகொண்டிருந்தது. சார்லஸ் பூத் என்பவர் லிவர்பூலில் பிறந்து கப்பல் வியாபாரத்தில் செல்வந்தரானவர். லண்டனில் உண்மையாகவே எத்தனை பேர் ஏழைகள், அந்த ஏழ்மைக்குக் காரணம் என்ன என்பதைத் திட்டவட்டமாகக் கணக்கெடுத்துவிட வேண்டும் என்று 1886-இல் அவர் தம் சொந்தப் பணத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். சர்க்கார் ஜனக் கணிதம் அவருக்குப் போதவில்லை. வீடு வீடாகத் தாமே போவதென்றால் ஆயுள் போதாது. அப்போது அவருக்குத் தெரியவந்தவர்கள்தாம் பள்ளி வாரிய விசிட்டர்கள். எந்தத் தெருவின் எந்த எண் வீட்டில் எத்தனை பிள்ளைகள், தகப்பனுக்கு வேலை நிலையானதா, விட்டுவிட்டுக் கிடைப்பதா, குடிப்பவனா, நோயாளியா, தாய் துணி வெளுக்கிறாளா என்பவையெல்லாம், ஆண்டுக்கணக்காக அதே படிகளில் ஏறி இறங்கிய இந்த மனிதர்களின் குறிப்பேடுகளிலும் நினைவிலும் இருந்தன. பூத்தும் அவருடைய காரியதரிசிகளும் ஒவ்வொரு விசிட்டரையும் வரவழைத்து உட்காரவைத்து, மணிக்கணக்காக, தெருத் தெருவாக, கதவு கதவாகச் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

அந்த அறையைப்பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அபராதம் விதிக்க ஆதாரம் சேர்ப்பதற்காக எழுதப்பட்ட ஏடு அது. அதே பக்கத்தை அதே மனிதர் வாய்விட்டுப் படிக்கிறார். இப்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் மாஜிஸ்திரேட் அல்லர், கணக்கெடுப்பவர். ‘அனுப்பவில்லை, பூட்ஸ் இல்லை’, ‘அனுப்பவில்லை, தாய் பிரசவம்’ என்ற வரிகள், குற்றப் பத்திரிகையாக இருந்தபோது ஒவ்வொரு குடும்பத்தின் தவறாகத் தோன்றியவை, ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டபோது ஒரு நகரத்தின் நோய்க் குறிப்பாக மாறிவிட்டன. 1889-இல் முதல் தொகுதி வெளிவந்தது. தெருக்களை வர்ணம் தீட்டிக் காட்டும் படம் ஒன்றையும் பூத் வெளியிட்டார். மிக இழிந்த நிலைக்குக் கறுப்பு, கடும் வறுமைக்குக் கரு நீலம், வறுமைக்கு வெளிர் நீலம், இப்படியே போய்ச் செல்வந்தர் தெருவுக்கு மஞ்சள். லண்டன் மக்களில் 100-க்கு 30.7 பேர் வறுமையில் உழல்கிறார்கள் என்பது முடிவாக அவர் கண்ட கணக்கு. பிள்ளையில்லாத வீடுகளை விசிட்டர் அறியார், ஆகையால் அவ்வீடுகளைப்பற்றி பூத் ஊகித்தே எழுத வேண்டியிருந்தது. அந்தக் குறை உண்டு. ஆயினும் அதற்கு முன் எந்தப் பெருநகரமும் தன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டதில்லை. கண்ணாடியைப் பிடித்தவர்கள், மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் கொட்டப்பட்டவர்கள்.

பிறகு காரியங்கள் மெல்ல நகர்ந்தன. 1891-இல் பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் சம்பளம் நின்றது. திங்கட்கிழமைப் பென்னி என்னும் தடை வாசலிலிருந்து அகன்றது. பள்ளியை விட்டு நிற்கக்கூடிய குறைந்த வயது 1893-இல் 11 ஆகவும், 1899-இல் 12 ஆகவும் உயர்ந்தது. 1904-இல் லண்டன் வாரியம் கலைந்து, பள்ளிகள் மாநகர ஜில்லா சபையின்கீழ் வந்தன. 1908-இல் சிறுவர்களுக்கெனத் தனி நீதிமன்றங்கள் ஏற்பட்டன. இவற்றுக்கிடையே 1906-ஆம் ஆண்டில் ஒரு சிறிய சட்டம் நிறைவேறிற்று. பசியினால் பாடத்தில் மனம் செல்லாத பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க உள்ளூர் அதிகாரிகள் பவுனுக்கு அரைப் பென்னி வரை வரி விதித்துக்கொள்ளலாம் என்றது அது. அதோடு நில்லாமல், தன் பிள்ளை அந்த உணவை உண்டதற்காக எந்தத் தகப்பனும் வாக்குரிமையை இழக்கமாட்டான் என்றும் எழுதிவைத்தது. ஏழை நிவாரணம் பெற்றவன் வாக்கை இழந்த காலம் அது என்பதை நினைத்தால்தான் இந்த ஒரு வரியின் அருமை தெரியும். 1870-ஆம் ஆண்டின் சட்டம் தகப்பனைக் கூண்டுக்கு அழைத்தது. 1906-ஆம் ஆண்டின் சட்டம் அவனைத் தலைகுனியாமல் நிற்கவிட்டது.

இந்தச் சட்டங்களையெல்லாம் கற்றறிந்தவர்கள் சென்னை மாகாணத்துக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் ஒன்றை 1920-இல் கொண்டுவந்தார்கள். நகரசபைகளும் மற்ற ஸ்தல ஸ்தாபனங்களும் சர்க்கார் அனுமதி பெற்றுத் தங்கள் எல்லையில் வருகையைக் கட்டாயமாக்கலாம் என்றது அது. பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தண்டனைக்கு உள்ளாவார்கள். ஆங்கிலச் சட்டத்தின் சாயல் அதில் நன்றாகத் தெரியும். அதே 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சென்னை மாநகரசபையின் கூட்டத்தில் வேறொரு விஷயம் விவாதத்துக்கு வந்தது. ஆயிரம் விளக்கில் உள்ள மாநகரசபைப் பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று தலைவர் பிட்டி தியாகராயர் எடுத்துச் சொன்னார். பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்து சிற்றுண்டி கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டு ஏற்பாடுகளில் எது எந்தத் தெருவரை போயிற்று என்பதை அடுத்த இதழில் ஆயிரம் விளக்கிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

(தொடரும்)